தாத்தாவின் மடக்குக் கத்திக்கு வயது என்ன?

போகிக்கு இரண்டு நாள் முன்னால் காவிரி டெல்டாவின் பழைய வீடுகளில் பரண் காலியாகும். ஓட்டை விழுந்த அண்டா, தண்டு உடைந்த குத்துவிளக்கு, மூடி தொலைந்த கூஜா எல்லாம் திண்ணைக்கு வரும். அந்தக் குவியலுக்குள் சில வீடுகளில் விரல் நீளத்துக்கு ஒரு பித்தளைச் சாமானும் கிடக்கும். ஒரு முனையில் துருப்பிடித்த சின்னக் கத்தி மடிந்திருக்கும். மறுமுனையில் கூரான ஒரு கம்பி.

“என்ன தாத்தா இது, காது குடையுறதா?” என்று பேத்தி கேட்பாள். தாத்தாவுக்கும் சரியாகத் தெரியாது. “எங்கப்பா மடியில செருகியிருப்பார்” என்பதோடு முடித்துக்கொள்வார். வாசலில் பழைய பித்தளைக்காரர் தராசோடு காத்திருப்பார். அண்டாவோடு அண்டாவாக அதுவும் எடைக்குப் போய்விடும். தராசு முள் அதற்காகப் பெரிதாக அசைந்திருக்கவும் செய்யாது.

போனதன் பெயர் மடக்கெழுத்தாணி. தமிழ்நாட்டின் சொந்தப் பாக்கெட் கத்தி அதுதான்.

உலகம் முழுவதும் பழைய மடக்குக் கத்திகளைச் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள். கத்தியைக் கையில் வாங்கியதும் அவர்கள் விலையைப் பற்றி யோசிப்பதில்லை. ‘இது எப்போது செய்தது?’ என்பதுதான் அவர்களுக்கு முதல் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் முறை கொஞ்சம் தெரிந்தால் போதும், நம் வீட்டுப் பரணில் இருப்பது என்ன என்பதும் தெரிந்துவிடும்.

எழுதுவதற்காகப் பிறந்த கத்தி

பனையோலையில் எழுதுவது என்றால் முதல் வேலை ஓலையைத் தயார் செய்வது. ஈர்க்கை நீக்க வேண்டும், ஓரங்களை நேராக நறுக்கி எல்லா ஓலையையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ஓலை வாருதல் என்று இதைச் சொல்வார்கள். இதற்குக் கத்தி வேண்டும், எழுதுவதற்குக் கூரான எழுத்தாணி வேண்டும். இரண்டையும் ஒரே பிடியில் மடக்கி வைத்ததுதான் மடக்கெழுத்தாணி. மடக்கிவிட்டால் முனை குத்தாது, மடியில் செருகிக்கொண்டு எங்கேயும் போகலாம்.

இதற்கு உறவுக்காரர்கள் உண்டு. மடங்காத தண்டின் மேல் பகுதியில் வாருகத்தி அமைந்தது வாரெழுத்தாணி. தலை குண்டாக இருப்பது குண்டெழுத்தாணி. 1855-ல் பிறந்த, பாபநாசம் பக்கத்து உத்தமதானபுரத்தைச் சேர்ந்த உ.வே.சாமிநாதையர் இவற்றைப் பிடித்துத்தான் படித்தார். அவருடைய ‘என் சரித்திரம்’ நூலில் பள்ளிக்கூட நாட்களைச் சொல்லும் இடத்தில் இந்த வகைகளெல்லாம் வருகின்றன. அவர் தேடித் தேடிக் காப்பாற்றிய சங்க நூல்கள் எல்லாமே இப்படிப்பட்ட கருவிகளால் எழுதப்பட்ட ஓலைகள்தான்.

புலவர்கள் மட்டும் இதை வைத்திருக்கவில்லை. நிலக்கணக்கு எழுதிய கர்ணம், பண்ணைக் கணக்குப்பிள்ளை, மளிகைக்கடைக்காரர், ஜோசியர், வைத்தியர், திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார் என்று எழுதிப் பிழைத்த எல்லாருக்கும் இது தொழில் கருவி. அதனால்தான் இன்றும் பெரிய அரண்மனைகளில் கிடைக்காத மடக்கெழுத்தாணி, கணக்குப்பிள்ளை வீட்டுத் தகரப்பெட்டியில் கிடைக்க வாய்ப்பு அதிகம். கர்ணம் பதவி தமிழ்நாட்டில் 1980 வரை இருந்தது. ஓலை போய்க் காகிதம் வந்து பல காலம் ஆன பிறகும், ‘தாத்தா காலத்துச் சாமான்’ என்று அந்தக் குடும்பங்கள் அதைப் பெட்டியிலேயே வைத்திருந்தன.

தரங்கம்பாடியில் சந்தித்த இரண்டு கத்திகள்

ஐரோப்பாவிலும் இதே கதைதான். அங்கே எழுதியது வாத்து இறகால். இறகின் முனை எழுத எழுதத் தேயும், அடிக்கடி சீவிக் கூராக்க வேண்டும். அதற்கென்றே ஒரு சின்னக் கத்தியை எழுத்தர்கள் பக்கத்தில் வைத்திருந்தார்கள். ‘பேனா’ என்ற சொல் போர்ச்சுகீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்தது. அந்த மொழியில் அதற்கு இறகு என்று பொருள். ஆக, நாம் சாதாரணமாகச் சொல்லும் பேனாக்கத்தியின் நேர்ப் பொருள் இறகுக்கத்தி.

ஓலைக்கத்தியும் இறகுக்கத்தியும் ஒரே ஊரில் இருநூறு வருடங்களுக்கு மேல் அருகருகே புழங்கின என்றால் அது தரங்கம்பாடிதான். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் இங்கே வந்தார்கள், டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். நாயக்கர் டென்மார்க் மன்னருக்கு எழுதிய கடிதம் பனையோலை வடிவில் வெட்டிய தங்கத் தகட்டில் இருக்கிறது. கோபன்ஹேகனில் இன்றும் அதைப் பாதுகாக்கிறார்கள். அதாவது இந்த ஊரின் ஐரோப்பிய உறவு தொடங்கியதே ஓர் ஓலையில்தான்.

கோட்டைக்குள் கம்பெனி எழுத்தர்கள் இறகைச் சீவிக் கணக்கு எழுதினார்கள். வெளியே தமிழ்க் கணக்கர்கள் ஓலையை வாரிக் கணக்கு எழுதினார்கள். 1706-ல் வந்திறங்கிய சீகன்பால்க் இந்த இரண்டு உலகத்துக்கும் நடுவே உட்கார்ந்தார். தமிழ் படித்தார். ஆள் வைத்து ஓலைச்சுவடிகளைப் படியெடுக்கச் சொன்னார். இரண்டே வருடத்தில், 1708-ல், தான் சேர்த்த நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு பட்டியலே போட்டுவிட்டார். தரங்கம்பாடியிலிருந்து போன தமிழ் ஓலைகள் இன்றும் ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் இருக்கின்றன. அந்த ஓலைகளுக்கு ஓரம் நறுக்கியது யாரோ ஒரு தரங்கம்பாடிக்காரரின் இடுப்பில் இருந்த கத்தி.

1712-ல் அச்சு இயந்திரம் வந்தது, 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. அன்றே எழுத்தாணி ஓய்ந்துவிட்டது என்று நினைத்தால் தப்பு. ஓலை அதற்குப் பிறகும் நூற்றைம்பது வருடங்களுக்கு மேல் தாக்குப்பிடித்தது. இறகுதான் முந்திக்கொண்டது. 1820-களுக்குப் பிறகு இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் ஆலைகள் இரும்பு நிப்பை லட்சக்கணக்கில் செய்து தள்ளின. 1845-ல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் புறப்பட்டபோது இறகுப் பேனாவும் விடைபெறும் கட்டத்தில் இருந்தது. சீவ இறகு இல்லாத பேனாக்கத்தி, பென்சில் சீவவும் மாங்காய் நறுக்கவும் சட்டைப் பைக்குள் தங்கிவிட்டது.

வயது பார்க்க ஒரு விதி

தேதி எழுதாத ஒரு கல்யாண போட்டோ கிடைக்கிறது. பின்னால் கலர் டிவி தெரிகிறது. அப்படியென்றால் அது கலர் டிவி வருவதற்கு முன் எடுத்தது இல்லை. மாப்பிள்ளையின் கிருதாவை வைத்து ஆயிரம் ஊகிக்கலாம், டிவி சொல்வது மட்டும் உறுதி.

கத்திக்கும் இதே விதிதான். அதில் இருக்கும் மிகப் புதிய விஷயத்தைவிட அது பழசாக இருக்க முடியாது. இடையில் ஆணியோ பிடியோ மாற்றியிருந்தால் அதை மட்டும் தனியாகக் கணக்கில் கொள்ள வேண்டும். பழசு போலத் தெரிவது, துருப்பிடித்திருப்பது எல்லாம் சாட்சி ஆகாது. தரங்கம்பாடி போன்ற கடலோர ஊரில் போன வருடம் வாங்கிய கத்திகூட உப்புக்காற்றில் நூறு வயது ஆனதுபோல் நிற்கும்.

முதலில் அலகைப் பாருங்கள். துருப்பிடிக்காத எஃகை ஷெஃபீல்டு நகரத்தில் ஹாரி பிரியர்லி 1913-ல் கண்டுபிடித்தார். ‘ஸ்டெயின்லெஸ்’ என்று பொறித்த கத்தி அதற்கு முந்தையதாக இருக்கவே முடியாது. அதற்கு முன் எல்லாம் சாதா இரும்பு எஃகு, வாழைக்காய் நறுக்கினால் கறுத்துப்போகும் ரகம். ஆனால் கறுக்கும் கத்தி எல்லாம் பழசு என்று அர்த்தமில்லை. அந்த ரகம் இன்றும் செய்கிறார்கள்.

அடுத்து, அலகு பிடியோடு சேரும் இடத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். செல்போன் கேமராவே போதும். ஆலையில் செய்த கத்தி என்றால் பெயரும் ஊரும் அங்கேதான் இருக்கும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜெர்மனியின் ஸோலிங்கன் இரண்டும் கத்திக்குப் பேர் போன ஊர்கள். ஷெஃபீல்டு பெயரைப் பொய்யாகப் பொறித்த மலிவுச் சரக்கு பெருகியதால் 1887-ல் பிரிட்டன் ஒரு சட்டம் போட்டது. 1889-ல் இந்தியாவுக்கும் அதுபோன்ற சட்டம் வந்தது. அதன் பிறகுதான் சரக்கில் நாட்டின் பெயரைப் பொறிப்பது பரவலானது. ஆகவே ஊர் பெயரோடு நாட்டின் பெயரும் இருந்தால், பெரும்பாலும் அது 1890-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ வந்தது.

நாட்டின் பெயரே சில சமயம் தேதி சொல்லிவிடும். ‘மேற்கு ஜெர்மனி’ என்றால் 1949-க்கும் 1990-க்கும் நடுவே. ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்’ என்றிருந்தால் இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-லிருந்து 1952-க்குள். பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறிப் போய்வந்தவர்கள் உள்ள டெல்டா குடும்பங்களில் இப்படிப்பட்ட கத்திகள் இருந்தால் ஆச்சரியமில்லை.

ஷெஃபீல்டு கத்திகளில் சிலவற்றில் கிரீடமும் அதன் இருபுறம் இரண்டு ஆங்கில எழுத்துகளும் இருக்கும். ‘வி.ஆர்.’ என்றால் விக்டோரியா காலம், 1837 முதல் 1901 வரை. ‘ஜி.ஆர்.’ என்றால் ஜார்ஜ். இங்கேதான் பலர் வழுக்கி விழுவார்கள். 1820-களில் ஆண்டவரும் ஜார்ஜ், 1910-க்குப் பிறகு வந்தவரும் ஜார்ஜ், 1936-ல் பட்டத்துக்கு வந்தவரும் ஜார்ஜ். எந்த ஜார்ஜ் என்பதைப் பக்கத்துச் சாட்சிகளை வைத்துத்தான் சொல்ல வேண்டும். அலகில் நாட்டின் பெயரும் சேர்ந்து இருந்தால் 1820-கள் அடிபட்டுப் போகும்.

பெரிதாக ஓர் ஆண்டு பொறித்திருந்தால் உடனே சந்தோஷப்பட வேண்டாம். சில கம்பெனிகள் கடை தொடங்கிய வருடத்தைப் பெருமையாகப் போட்டுக்கொள்ளும். அது கத்தியின் பிறந்த வருடம் இல்லை.

பிடி என்ன சொல்கிறது?

மாட்டுக்கொம்பு, மான்கொம்பு, எலும்பு, தந்தம், மரம், பித்தளை என்று பிடி பலவிதம். எலும்பில் உற்றுப் பார்த்தால் பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளிகள், கோடுகள் தெரியும். தந்தத்தை வெட்டிய குறுக்குமுகத்தில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு வலைபோல ஓடும்.

தந்தம் மாதிரி இருந்தும் வலைக்கோடு இல்லையா? பிடியைத் துணியால் சூடு வரும்வரை தேய்த்து முகர்ந்து பாருங்கள். சூடம் வாசனை வந்தால் அது செல்லுலாய்டு. அதைச் செய்யும்போது சூடம் சேர்ப்பார்கள். செல்லுலாய்டு 1870-களுக்குப் பிறகுதான் சந்தைக்கு வந்தது. கூட்டல் குறி போட்ட திருகாணி இருந்தால் இன்னும் இளசு, அது 1930-களில் வந்த பழக்கம். நெருப்பு வைத்துச் சோதிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். செல்லுலாய்டு குப்பென்று பற்றிக்கொள்ளும்.

மடக்கெழுத்தாணிக்குக் கம்பெனி முத்திரை கிடையாது. உள்ளூர்க் கொல்லரும் கன்னாரும் செய்தது. அதனால் ‘இந்த வருடம்’ என்று அடித்துச் சொல்ல முடியாது, பெரும்பாலும் நூற்றாண்டு அளவில்தான் நெருங்கலாம். தட்டி மழுக்கிய ஆணியா, ஆலையில் செய்த ஒழுங்கான ஆணியா என்று பாருங்கள். தீட்டித் தீட்டி அலகு ஒடுங்கியிருக்கிறதா, விரல் பட்ட இடம் மட்டும் வழவழப்பாக இருக்கிறதா என்றும் பாருங்கள். உண்மையான தேய்மானம் கை படும் இடத்தில் இருக்கும். கறுப்பு ஏற்றிப் பழசாக்கிய புதுச் சாமானில் சந்துபொந்தெல்லாம் ஒரே மாதிரி கறுத்திருக்கும்.

பிடியில் பெயர் வெட்டியிருந்தால் அதிர்ஷ்டம். எவர்சில்வர் டம்ளரில் கல்யாணத் தேதி வெட்டுகிற வழக்கம் நமக்கு இன்றும் இருக்கிறது. அந்தத் தேதி, சாமான் அதற்கு முன்பே இருந்தது என்பதற்குச் சாட்சி. ‘ணை’, ‘லை’ போன்ற எழுத்துகள் யானைத் துதிக்கை போன்ற பழைய வடிவில் இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு எழுதப் பழகியவர் கை என்று ஊகிக்கலாம். வருடம் தமிழ்ப் பெயரில் இருந்தால் மட்டும் நிதானம் தேவை. அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும். ‘விரோதி’ என்றால் 2009-லும் வந்தது, 1949-லும் வந்தது, 1889-லும் வந்தது.

செய்யக் கூடாதவை

புளி போட்டுத் துலக்காதீர்கள். பித்தளை பளபளக்கும், ஆனால் மேலே படிந்த நிறத்தோடு மெலிதாக வெட்டிய எழுத்தும் சேர்ந்து தேயும். சாணை பிடிக்கக் கொடுக்காதீர்கள். அலகின் அசல் வடிவமும் முத்திரையும் போய்விடும்.

துருவில் இறுகிய கத்தியைக் கொறடு போட்டு இழுக்க வேண்டாம். மடங்கும் ஆணியில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு ஒரு நாள் பொறுங்கள், மெதுவாக அசைத்துப் பாருங்கள். வராவிட்டால் இன்னொரு சொட்டு, இன்னொரு நாள். சமையல் எண்ணெய் வேண்டாம், அது காய்ந்து பிசினாகிவிடும்.

தோல் உறைக்குள் வைத்தால் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும். மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். செல்லுலாய்டு பிடிபோட்ட கத்திக்குத் தனி இடம் கொடுங்கள். பிடி வயதாகிக் கெட்டுப்போகும்போது அதிலிருந்து வரும் ஆவி பக்கத்துக் கத்திகளையும் துருப்பிடிக்க வைக்கும்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். நூறு வருடம் தாண்டிய கலைப்பொருளும் கைவினைப்பொருளும் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள் ஆகலாம். ஓலைச்சுவடி போன்றவற்றுக்கு 75 வருடமே போதும். தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, உரிமம் இல்லாமல் விற்கும் தொழிலும் செய்ய முடியாது. யானைத் தந்தம் விற்பதும் வாங்குவதும் குற்றம். அஸ்திவாரம் தோண்டும்போது புதையலாக ஏதாவது கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். 1878-லிருந்து இருக்கிற சட்டம் அது. தந்தம் இல்லாத பரம்பரைக் கத்தியை வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்ள யாரும் பயப்பட வேண்டியதில்லை. வைத்துக்கொள்ள மனமில்லை என்றால், எடைக்குப் போடுவதற்கு முன் பக்கத்து அரசு அருங்காட்சியகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். தரங்கம்பாடிக்காரர்களுக்கு டான்ஸ்போர்க் கோட்டைக்குள்ளேயே அரசின் அருங்காட்சியகம் இருக்கிறது.

உலோகம் சொல்லாதது

லென்ஸ் வைத்து எவ்வளவு பார்த்தாலும் கத்தி ஒரு விஷயத்தைச் சொல்லாது. அது யாருடையது, அவர் அதை வைத்து என்ன எழுதினார் என்பதுதான் அது. அது தெரிந்தவர் வீட்டிலேயே, எண்பது வயதில், திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்.

எனவே பரண் சாமான் திண்ணைக்கு வரும்போது ஒரு சின்ன வேலை செய்யலாம். துலக்குவதற்கு முன் இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள், பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்து. தாத்தாவிடமோ பாட்டியிடமோ கேட்டு அவர்கள் சொல்வதைச் செல்போனில் பதிவு செய்யுங்கள். அப்பாவின் பெயர், ஊர், அவர் பார்த்த வேலை, எந்தக் காலத்தில் இதை அவர் கையில் பார்த்தது என்ற நான்கு விவரம் போதும். ஒரு சீட்டில் எழுதிக் கத்தியோடு துணியில் சுற்றி வையுங்கள். அந்தச் சீட்டில் இன்றைய தேதியையும் போட மறக்காதீர்கள்.

“எங்கப்பா மடியில செருகியிருப்பார்” என்று தாத்தா சொன்னாரே, அதோடு விட்டுவிடாமல் “அவரு என்ன வேலை பார்த்தாரு தாத்தா?” என்று பேத்தி அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும். பித்தளைக்காரர் வாசலில் ஐந்து நிமிடம் கூடுதலாகக் காத்திருக்கட்டும்.